கடைசி வரியில் அச்சடித்த "ஏதுமில்லை"

வீட்டுக்கடன் கேட்கிறவர் காட்டும் வீட்டை நேரில் போய்ப் பார்த்து, "ஆமாம், இது வீடுதான்" என்று பேங்குக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்கிறவர்கள் ஒரே ஒரு நாள் என் ஏணியைத் தூக்கிக்கொண்டு கூட வரலாம்.

சிவில் டிப்ளமோ முடித்த கையோடு விருதுநகரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் சேர்ந்தேன். ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பேங்குக்காரர்கள் வாங்க வாங்க என்று கூப்பிட்டு வீட்டுக்கடன் கொடுக்க ஆரம்பித்த நேரம். பேங்க் பட்டியலில் இருந்தது எங்கள் சார் பெயர். கையெழுத்து அவருடையது, வெயில் என்னுடையது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி என்று ஸ்கூட்டியில் சுற்றிக்கொண்டே இருப்பேன்.

பேங்குக்கு ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். நாலு பக்கமும் எல்லை என்ன, நீள அகலம் என்ன, தரை என்ன, கூரை என்ன, கரண்ட் உண்டா, தண்ணீர் உண்டா. அவ்வளவுதான். கடைசியில் "இதர குறிப்புகள்" என்று ஒரே ஒரு வரி. அதில் எல்லோரும் "ஏதுமில்லை" என்றுதான் எழுதுவார்கள். எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்று எங்கள் சார் என்ன செய்தார் தெரியுமா? அச்சாபீசுக்குப் பேர்போன சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் எழுதுவானேன் என்று, ஃபாரம் அடிக்கக் கொடுக்கும்போதே அந்த வரியில் "ஏதுமில்லை" என்று சேர்த்து அச்சடித்து வாங்கிவிட்டார்! ஆயிரம் ஃபாரம். நான் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணும் முன்பே, போகிற வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று முடிவாகியிருக்கும். எனக்கும் அப்போது அது வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கேட்டதை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போகத் தெரியாமல், கேட்காத நாலு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதற்குத் திட்டும் வாங்குகிற என் இனத்து ஜனங்களே, இதெல்லாம் உங்களுக்காகத்தான்.

கார்த்திகையில் பார்த்த சுவர்

ஜெயசீலி அக்கா திருத்தங்கலில் நர்ஸ். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், ஒரே மகள். ஊர்க் கடைசியில், கரிசல் நிலத்தை மனை போட்ட இடத்தில் ஒரு வீட்டை விலை பேசியிருந்தார்கள். நான் போனது கார்த்திகை மாதம், அடை மழை. செருப்பில் ஆளுக்கு ஒரு கிலோ மண். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, பளிச்சென்று இருந்தது. டேப் பிடித்து அளந்தேன், அவர்கள் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த காபியைக் குடித்தேன், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கடைசி வரிதான் ஏற்கெனவே முடிந்திருந்ததே!

கடன் கிடைத்து அவர்கள் குடி போன பிறகு, சித்திரையில் ஆபீசுக்குப் போன் வந்தது. ஓடினேன். மகள் படுக்கிற அறையில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சுவர் சாய்வாக வெடித்திருந்தது. என் சுண்டுவிரல் உள்ளே போனது. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வாய் பிளக்கும். மேலே நிற்கிற வீடும் கூடவே ஏறி இறங்கும். அஸ்திவாரம் ஆழம் பத்தாவிட்டால் சுவர் கோடையில் வெடித்து, மழையில் தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டிருக்கும்போது போய்ப் பார்த்த மகராசி நான்! விற்றவர் வெடிப்பை அடைத்து மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறார். விரலால் தட்டியிருந்தாலே டொக்கென்று காட்டிக் கொடுத்திருக்கும்.

சாரிடம் சொன்னேன். "ஏம்மா, ஃபாரத்துல வெடிப்புன்னு ஒரு கட்டம் இருக்கா? இல்லேல்ல? அப்போ நம்ம மேல தப்பே இல்ல" என்றார். சட்டப்படி நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்தப் பிள்ளையின் கட்டில் ஹாலுக்கு வந்துவிட்டது. சுவர் நிற்கும் என்று நிச்சயமாகத் தெரியும் வரை பிள்ளையை அந்த அறையில் படுக்க விட மாட்டேன் என்று ஜெயசீலி அக்கா சொல்லிவிட்டார். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊசி போடுகிற அதே மெதுவான குரலில் கேட்டார்:

"ஏன் இன்ஜினியரம்மா, அன்னைக்குக் காபி குடிச்ச நேரத்துல இந்தச் சுவர ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல?"

போன வருஷத்துத் தேதிகள்

மறுநாளே சாமான் சேர்க்க ஆரம்பித்தேன். ஒரு டார்ச். ஒரு சின்னச் சுத்தியல். தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உருட்டிப் பார்க்க ரெண்டு கோலிக்குண்டு. பட்டறையில் சொல்லி, ஸ்கூட்டியில் கட்டுகிற மாதிரி மடக்கு ஏணி ஒன்று. சிவப்பு மைப் பேனா ஒன்று, அச்சடித்த "ஏதுமில்லை"யை அடிப்பதற்கு! ஒரே மாதத்தில் எனக்கு ஏணியம்மா என்று பேர் விழுந்துவிட்டது. இன்ஜினியரம்மாவை விட அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

ஏணி முதன்முதலாக ஏறியது சிவகாசியில் ஒரு காலண்டர் பைண்டர் வீட்டில். வீட்டின் பேரில் கடன் கேட்டிருந்தார். அடுப்படியில் நிமிர்ந்து பார்த்தேன், மேலே சிமெண்டுப் பரண் நடுவில் தொங்கின மாதிரி இருந்தது. ஏறிப் பார்க்கட்டுமா என்றேன். "அங்கன ஒண்ணும் இல்லைங்க, வெறும் பேப்பரு" என்றார். ஏறினேன். அடேயப்பா! பிரஸ்சில் விலை போகாமல் கழித்துப் போட்ட தேதிக் காலண்டர் கட்டுகள், நாலு வருஷத்துச் சரக்கு, சுவரோடு சுவராக அடுக்கி வைத்திருந்தார். இந்த ஊர்க்காரர்களுக்கு வெடியைக் கண்டால் பயம் உண்டு, பேப்பரைக் கண்டால் பயமே கிடையாது. பிறந்ததிலிருந்து பேப்பரோடு புழங்குகிறவர்கள், அது காற்றில் பறக்கிற சாமான் என்றே நினைப்பு. ஒரே ஒரு கட்டை இறக்கி அவர் கையில் கொடுத்தேன். கனத்தில் கை தரை வரைக்கும் இறங்கிவிட்டது. பரணின் அடிப்பக்கம் நீளத்துக்கு விரிசல், நேர் கீழே அடுப்பு. புளிக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரம்மா கரண்டியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்:

"நல்லா இருக்கே கதை, போன வருசத்துத் தேதியெல்லாம் எந்தலையில விழுந்து, எனக்கு இந்த வருசத்துத் தேதி குறிச்சிருக்கும்!"

எந்த வெடிப்பு எந்தக் கம்பெனி

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி போர்மேன். வீட்டு ரிப்பேருக்குக் கடன் வேண்டும். என்னைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப் போய் ஒவ்வொரு வெடிப்பாக அறிமுகப்படுத்தினார். "இது அந்த வருசம் கிழக்க சத்தம் கேட்டப்போ விழுந்தது. இந்தா, இது ஒரு சீசன்ல மேக்க கேட்டது. அந்தச் சின்னது யாருதுன்னு தெரியல." சொந்தக்காரர்களின் கல்யாணத் தேதி சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். கம்பெனி வெடிக்கிற சத்தம் கேட்டால் எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்து, யார் வீட்டு ஆள் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார் என்று கேட்கிற ஊர்.

ஆனால் வெடிப்பெல்லாம் வீட்டின் ஒரே மூலையில் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. அதிர்வு வந்தால் ஒரு மூலைக்கு மட்டுமா வரும்? பின்பக்கம் சுற்றிப் போனேன். முள், கோழிக் கூடு, பழைய சைக்கிள் எல்லாவற்றையும் தாண்டி எட்டிப் பார்த்தால், குளிக்கிற தண்ணீர் பூராவும் அந்த மூலையில் சுவரோரமாகவே தேங்கிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் வருஷம் பூரா மண் உப்பிக் கிடக்கிறது, மற்ற மூணு மூலையும் காய்ந்து சுருங்குகிறது. வீடு முறுக்கிக்கொண்டது! எனக்கு ஒரே குஷி. ஃபாரத்தை மறந்துவிட்டு, ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டு, தண்ணீரை இப்படித் திருப்பி விடுங்கள், குழாய் இவ்வளவு தூரம் போகட்டும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். போர்மேன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்:

"அப்போ குளிச்சது நானு, ஏச்சு வாங்குனது கம்பெனிக்காரனா? எம்புட்டு ஏசியிருக்கேன் தெரியுமா இன்ஜினியரம்மா!"

மூணு பக்கம்

எல்லாமே எனக்குச் சாதகமாகவே நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தலைகால் புரியாமல் ஆடினேன், அதற்கும் ஒரு அடி விழுந்தது.

பாண்டியம்மாள், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பட்டாசு கம்பெனி வேனில் வேலைக்குப் போய் வருகிறவர்கள். வாடகை வீட்டிலேயே காலம் போனவர்கள், முதல் முதலாக ஒரு சின்ன வீட்டுக்கு ஆசைப்பட்டார்கள். நான் போய்த் தட்டாத இடமில்லை, உருட்டாத கோலி இல்லை. மொட்டை மாடியில் பதித்த தட்டு ஓடு ரெண்டு பெயர்ந்தது, கதவு நிலையில் பூச்சி, தண்ணீர்த் தொட்டி மூடி உடைசல், ஜன்னல் கம்பியில் துரு என்று மூணு பக்கம் எழுதித் தள்ளினேன். அவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். என் எழுத்தில் எனக்கே பெருமை தாங்கவில்லை. உண்மையில் அது நல்ல வீடு. இருந்த குறையெல்லாம் ஒரு கொத்தனாரும் ஒரு ஆசாரியும் ஒரு வாரத்தில் சரி செய்கிற குறைதான். அதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.

அவர்கள் பயந்து வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வேறொருவர் வாங்கி, ஒரு வாரம் வேலை பார்த்து, பால் காய்ச்சிக் குடி போய்விட்டார். கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் பாண்டியம்மாளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கை நகத்தில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"எல்லாத்தையும் சொன்னீக தாயி... வாங்கலாமா வேண்டாமான்னு அத ஒண்ணத்த மட்டும் சொல்லாமப் போயிட்டீக."

அன்றிலிருந்து எவ்வளவு எழுதினாலும் முதல் வரியில் அதைத்தான் எழுதுகிறேன்: குடியிருக்கலாமா, கூடாதா, எதைச் சரி செய்தால் இருக்கலாம்.

சிவப்பு மை

பாண்டியம்மாள் கடன் வேண்டாம் என்றதும் பேங்க் மேனேஜர் எங்கள் சாருக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். அரை மணி வேலைக்கு அரை நாள் ஆகிறது, ரிப்போர்ட் வரத் தாமதம், அதைப் படிக்கிறவர்கள் பயப்படுகிறார்கள், உங்கள் ஆபீசுக்கு மட்டும் ஏன் வீடெல்லாம் ஓட்டையாகத் தெரிகிறது? இப்படியே போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவாராம்.

சார் என்னை உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் பெரிது. நானும் விடவில்லை. திருத்தங்கல் வீட்டைச் சொன்னேன், இன்னும் ஹாலில் கிடக்கும் கட்டிலைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட வைத்ததையும், தண்ணீர்க் குழாயைத் தூரத் தள்ளியதையும், வெடிப்புக்குக் குறுக்கே கம்பி வைத்துத் தைத்ததையும் போட்டு உடைத்துவிட்டேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது, தெருவுக்கே கேட்டிருக்கும். சார் விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டு வந்து சொன்னார்:

"ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்கு, சரி. எனக்குப் பேங்க்ல பேர் இருக்கணும்ல? இன்னொரு தடவ அந்தச் சிவப்புப் பேனாவ எடுத்தா, நாளைலருந்து நீ வர வேண்டாம்."

சூலக்கரை வீடு

ஒரு மாதம் பேனாவை எடுக்கவில்லை. வீட்டுக்காரர்களிடம் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறுபடியும் மழை பிடித்தது, மறுபடியும் கார்த்திகை. வீடெல்லாம் அழகாக மூடிக்கொண்டு நிற்கிற மாதம்!

அப்போது ஒரு நாள் அதே மேனேஜர் ஆபீசுக்கு நேரில் வந்தார். சார் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். என் கதை முடிந்தது என்று நான் ஏணியை வீட்டுக்கு எடுத்துப் போகிற யோசனையில் இருந்தேன். மேனேஜர் சுற்றி வளைத்து மழையைப் பற்றிப் பேசினார், கலெக்டர் ஆபீஸ் ரோட்டைப் பற்றிப் பேசினார். பிறகுதான் விஷயம் வந்தது. சூலக்கரையில் அவரே ஒரு வீடு வாங்கப் போகிறாராம், அவர் சம்சாரம் பிள்ளைகள் குடியிருக்க. ஃபாரம் ஒன்றைச் சார் ஆசையாக எடுத்து நீட்டினார். மேனேஜர் அதை வாங்கக்கூட இல்லை. என் பக்கம் திரும்பி, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

"அந்த ஃபாரம் இங்கயே இருக்கட்டும். நீங்க ஏணியோட வாங்க, சித்திரைல இன்னொரு தடவையும் வாங்க."

சாரைப் பார்த்தேன். சார் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஒரு வாரம் கழித்துப் பிரஸ்சிலிருந்து புது ஃபாரம் கட்டு வந்தது. பிரித்தால், கடைசி வரியில் "ஏதுமில்லை" இல்லை! இதர குறிப்புகளுக்கு அரைப் பக்கம் வெறுமையாக விட்டு அடித்திருந்தது. அன்று மத்தியானம் பக்கத்துக் கடையில் ரெண்டு பரோட்டா கூடச் சாப்பிட்டேன்.

கண்ணாடிச் சில்லு

பாக்கி இருந்தது ஜெயசீலி அக்கா சுவர். கம்பி வைத்துத் தைத்த இடத்துக்குக் குறுக்கே, ஒரு விரல் நீளக் கண்ணாடிச் சில்லைக் கார்த்திகையில் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தேன். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும், பொய் சொல்லாது. சித்திரை முடிந்து கத்திரி வெயிலும் தாண்டி அது முழுசாக இருந்தால் பிள்ளை கட்டில் உள்ளே போகலாம் என்பது எனக்கும் அக்காவுக்கும் ஒப்பந்தம். மாசி வந்தது, பங்குனி வந்தது. வேறு எந்த வீட்டில் ஏணி ஏறினாலும் எனக்கு அந்தச் சில்லு ஞாபகம்தான். கனவில் ரெண்டு தடவை உடைந்தது.

கத்திரி முடிந்த மறுநாள் போனேன். ரோட்டில் தார் உருகி டயரைப் பிடித்து இழுத்தது. நிலமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதைப் பார்த்ததுமே ஸ்கூட்டியை இன்னும் முறுக்கினேன். நான் வருகிற வரை அந்த அறைக் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். ஜெயசீலி அக்கா டூட்டி முடிந்து வந்த வெள்ளைச் சேலையோடு நின்றார், வாத்தியாரும் மகளும் பின்னால். கதவைத் திறந்து, டார்ச் அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

முழுசாக இருந்தது! ஒரு கீறல் இல்லை! விரலால் தடவினேன், சுத்தியல் காம்பால் தட்டினேன், மேலே கீழே இடம் வலம் தட்டினேன், கெட்டியான சத்தம். என்னையறியாமல் "இருக்குக்கா, இருக்கு!" என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க, "ஒரு காபி போடுங்கக்கா" என்றேன். ஜெயசீலி அக்கா சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹாலில் கிடந்த கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார்:

"காபி எங்கயும் ஓடிறாது. மொதல்ல இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க இன்ஜினியரம்மா."

இத்தனை வருஷம் ஏணி ஏறி இறங்கியதில் நான் கண்டது ஒன்றுதான்: இவ்வளவு செய்தால் போதும் என்று ஃபாரம் அடிக்கிறவர்கள் யாரும் சித்திரை மாதத்தில் அந்த வீட்டில் படுத்துத் தூங்கப் போவதில்லை.